கேள்வி பதில்: கலிஃபோர்னியா செனட்டும் நம்ம ஓட்டும்

கேள்வி: 2022 நவம்பர்ல ஹேவர்ட்ல இருக்கற என் ஃப்ரெண்டோட பேலட்ல மாநில செனட்டர் தேர்தல் இருந்துச்சு. சான் ஹோசேல இருக்கற எனக்கு வந்த பேலட்ல அது இல்லவே இல்ல. என் பதிவுல எதுவும் கோளாறா?
— சான் ஹோசே வாசகி

பதில்: கோளாறு எதுவும் இல்லைங்க. மாநில செனட்ல மொத்தம் 40 சீட், பதவிக்காலம் 4 வருஷம், ஆனா ஒரே நேரத்துல பாதி சீட்டுக்குத்தான் தேர்தல் வரும். 2022 மாதிரி கவர்னர் தேர்தல் வருஷத்துல இரட்டைப்படை நம்பர் தொகுதிகள், 2024 மாதிரி ஜனாதிபதி தேர்தல் வருஷத்துல ஒற்றைப்படை. ஹேவர்ட் 10ஆம் நம்பர் தொகுதி, சான் ஹோசேல பெரும்பகுதி 15, அதனால உங்க முறை 2024லதான் வந்துச்சு, அடுத்தது 2028.

இதுல நிஜமாவே வருத்தமான விஷயம் வேற ஒண்ணு இருக்கு. 10 வருஷத்துக்கு ஒருதரம் தொகுதி எல்லைய மாத்துவாங்க. 2018ல இரட்டைப்படை தொகுதியில ஓட்டு போட்ட ஒருத்தரோட தெரு 2021ல வந்த புது மேப்ல ஒற்றைப்படைக்குள்ள போயிருந்தா அவரு 2024 வரைக்கும், அதாவது 6 வருஷம், செனட்டருக்கு ஓட்டே போட முடியல. நடுவுல அந்த ஏரியாவ கவனிச்சுக்க செனட்டே யாராவது ஒரு செனட்டர ஒதுக்கும்தான், ஆனா ஓட்டு போட்டு அனுப்பினவரும் ஒதுக்கி விட்டவரும் ஒண்ணா சொல்லுங்க? எனக்கு இது சரின்னே படல.

கேள்வி: 2022 நவம்பர்ல அதே 10ஆம் தொகுதியில நின்ன ரெண்டு பேருமே டெமாக்ரட்டாமே, அது எப்படி?

பதில்: ஆயிஷா வஹாப், லில்லி மெய், ரெண்டு பேரும் ஒரே கட்சிதான். 2010ல மக்கள் ஓட்டு போட்டு கொண்டுவந்த முறை இது, பிரைமரியில, அதாவது நவம்பருக்கு முன்னாடி நடக்கற முதல் சுத்து தேர்தல்ல, எந்தக் கட்சியா இருந்தாலும் முதல் ரெண்டு இடம் பிடிக்கறவங்க நவம்பருக்குப் போவாங்க. அதனால பிரைமரிய விட்றாதீங்க, நிறைய தொகுதியில பாதி முடிவு அங்கயே ஆயிடுது.

கேள்வி: நான் கிரீன் கார்டுதான். எங்க செனட்டர் ஆபீசுக்கு போன் பண்ணலாமா? வாஷிங்டன்ல இருக்கற காங்கிரஸ் மெம்பரே போதாதா?

பதில்: தாராளமா பண்ணுங்க. ஓட்டு மட்டும்தான் உங்களுக்கு இல்ல, தொகுதி பிரிக்கறப்போ உங்க தலையையும் சேத்துதான் எண்ணிருக்காங்க. ஒரு மாநில செனட் தொகுதியில கிட்டத்தட்ட 9 லட்சத்து 88 ஆயிரம் பேரு, காங்கிரஸ் தொகுதியில 7 லட்சத்து 60 ஆயிரம்தான், அப்ப மாநில செனட்டர சின்ன ஆளுன்னு எப்படி நினைக்கறது. விசா, பாஸ்போர்ட்னா காங்கிரஸ் ஆபீஸ். டிஎம்வி (டிரைவிங் லைசன்ஸ் குடுக்கற ஆபீஸ்), வேலையில்லா உதவித்தொகை எங்கயாவது மாட்டிக்கிச்சுன்னா செனட்டர் ஆபீஸ்.

ஜாதி பாகுபாட்டுக்கு எதிரான எஸ்பி 403ங்கற மசோதா ஞாபகம் இருக்கும். நம்ம சமூகத்துல அவ்ளோ வாக்குவாதம் ஓடுச்சு, அது வாஷிங்டன்ல வந்த மசோதா இல்ல, அந்த 10ஆம் தொகுதியில ஜெயிச்ச இதே வஹாப் 2023ல மாநில செனட்ல கொண்டுவந்தது. செனட், அசெம்ப்ளின்னு மாநிலத்தோட ரெண்டு சபையிலயும் பாஸாச்சு, அக்டோபர்ல கவர்னர் நியூசம் வீட்டோ பண்ணி நிராகரிச்சிட்டாரு. வீட்டோவ மீறணும்னா செனட்ல 40க்கு 27, அசெம்ப்ளியில 80க்கு 54 ஓட்டு வேணும். இந்த மாதிரி மசோதாவ ஆதரிச்சாலும் சரி எதிர்த்தாலும் சரி, கமிட்டியில இருக்கறப்பவே உங்க செனட்டருக்கு போன் போயிடணும்.