பழைய நீராவி இன்ஜின்: டியூப் நுனி ஏன் கசிகிறது?

கேள்வி: நாங்கள் ஒரு சிறு தன்னார்வக் குழு. வெகுகாலம் காட்சிக்கு நின்றிருந்த குறும்பாதை நீராவி இன்ஜின் ஒன்றைச் சீர்செய்து, மூன்று வருடமாக ஓட்டுகிறோம். ஆண்டுக்கு ஆறு நாள்தான் ஓட்டம். பாய்லர் சோதனையில் தேறியதுதான். ஆனால் இந்த வருடம் தீ மூட்டும்போதெல்லாம் ஃபயர்பாக்ஸ் (தீ எரியும் பெட்டி) பக்கம், பாய்லர் தண்ணீரின் நடுவே சூடான புகையைக் கொண்டுபோகும் டியூப்களின் நுனிகளில் தண்ணீர் கசிகிறது, நன்றாகச் சூடேறியதும் நின்றுவிடுகிறது. காலை ஐந்து மணிக்குத் தீ மூட்டி எட்டரைக்கு இன்ஜினை வெளியே எடுக்கிறோம். மாலையில் நெருப்பை இறக்கிவிட்டுக் கிளம்பிவிடுவோம். மற்ற மாதங்களில் பாய்லரில் பாதித் தண்ணீர் இருக்கும். டியூபை மறுபடி எக்ஸ்பாண்ட் செய்தால், அதாவது நுனியை உள்ளிருந்து விரித்து இறுக்கினால், போதுமா?

பதில்: போதாது. எக்ஸ்பாண்ட் செய்தால் அடுத்த இரண்டு மூன்று ஓட்டத்துக்குக் கசிவு நிற்கும், அவ்வளவுதான். ரோலரை உள்ளே விட்டுச் சுற்றும் ஒவ்வொரு முறையும் டியூபின் நுனி கொஞ்சம் மெலிகிறது, அது பொருந்தியிருக்கும் தகட்டில் (டியூப் பிளேட்) உள்ள துளை கொஞ்சம் அகலமாகிறது. இதையே வருடத்துக்கு இரண்டு தடவை செய்துகொண்டிருந்தால் ஒருநாள் பிடிக்க இடமில்லாமல் போகும். டியூப் தேய்ந்தால் மாற்றிவிடலாம், அது மாற்றுவதற்கென்றே இருக்கிற பொருள். டியூப் பிளேட் அப்படி அல்ல.

உங்கள் கடிதத்தில் கசிவைவிட என்னை உறுத்தியது மூன்றரை மணி நேரம் என்ற கணக்கும், மாலையில் நெருப்பை இறக்குவதும், அந்தப் பாதித் தண்ணீரும்தான். பாய்லர் ஓடித் தேய்வதைவிட, அவசரமாகச் சூடேறி, அவசரமாக ஆறி, அப்புறம் மாதக்கணக்கில் சும்மா நின்று கெடுவதுதான் அதிகம். உங்கள் இன்ஜினுக்கு இந்த மூன்றுமே நடக்கிறது.

முதலில் சூடேற்றுவதைப் பார்ப்போம். அடுத்த முறை தீ மூட்டியபின், பிரஷர் கேஜில் முள் 2 பார் காட்டும்போது கீழே இறங்கி, பாய்லர் உருளையின் அடிவயிற்றில், முன்முனையில் புகை சேரும் ஸ்மோக்பாக்ஸுக்குச் சற்றுப் பின்னால், புறங்கையை மெல்ல வைத்துப் பாருங்கள். மேலே தண்ணீர் 130 டிகிரியைத் தாண்டியிருக்கும். அடியில் அநேகமாகக் கை வைக்கிற சூடுதான் இருக்கும். சூடான தண்ணீர் மேலேயே தங்கிவிடுகிறது. ஆவி எடுக்கத் தொடங்கும்வரை உள்ளே தண்ணீர் சரியாகச் சுற்றி வராது. அதாவது ஒரே பாய்லரின் முதுகு நீண்டுவிட்டது, வயிறு நீளவில்லை. எஃகு எவ்வளவு நீளும் என்று கேட்டால், 5 மீட்டர் பாய்லர் 20 டிகிரியிலிருந்து 190 டிகிரிக்குப் போகும்போது ஏறக்குறைய 10 மில்லிமீட்டர். அதனால்தான் பாய்லரை முன்பக்கம் ஸ்மோக்பாக்ஸில் இறுக்கிவிட்டு, பின்பக்கம் ஃபயர்பாக்ஸைச் சட்டத்தின்மேல் நகர விட்டிருக்கிறார்கள். மொத்தமாக நீள்வதற்கு வழி இருக்கிறது. ஒரு பாகம் நீண்டு இன்னொரு பாகம் நீளாமல் நின்றால் அதற்கு வழி இல்லை; இழுபடுவது இணைப்புகள்தான்.

டியூபின் சுவர் மெல்லியது, உருளையின் தகடு தடிமன். தீ மூட்டியதும் டியூப் முந்திக்கொண்டு நீண்டு பிளேட்டைத் தள்ளும். மாலையில் நெருப்பை இறக்கியதும் திறந்த கிரேட் (தீயின் அடியில் இருக்கும் கம்பித் தட்டு) வழியாகக் குளிர்ந்த காற்று டியூபுக்குள் பாய்ந்து, அது முந்திக்கொண்டு சுருங்கி பிளேட்டை இழுக்கும். ஒரே ஓட்டத்தில் இரண்டு முறை அந்த இணைப்பை அசைத்துப் பார்க்கிறீர்கள். குளிர்ந்திருக்கும்போது கசிந்து, சூடேறியதும் நிற்பதற்கு இதுதான் காரணமாக இருக்க வேண்டும்.

டியூப் கசிவாவது கண்ணுக்குத் தெரிகிறது. தெரியாமல் நடப்பது ஸ்டேக்கள் என்னும் பிணைப்புக் கம்பிகளில். ஃபயர்பாக்ஸின் உள்சுவர் சூடேறி அடி வளையத்திலிருந்து மேல்நோக்கி வளரும். வெளிச்சுவர் இன்னும் குளிராகவே இருக்கும். இரண்டையும் பிணைத்திருக்கும் ஸ்டேக்கள் வளைந்து கொடுக்க வேண்டும். மேல் வரிசைகளிலும் மூலைகளிலும்தான் வளைவு அதிகம், அங்கேதான் முதலில் உடையும். உள்பெட்டி தாமிரமாக இருந்தால் இன்னும் மோசம், தாமிரம் எஃகைவிட ஏறக்குறைய ஒன்றரை மடங்கு விரியும். பல இன்ஜின்களில் ஸ்டேயின் நுனியில் சிறு துளை போட்டிருப்பார்கள். ஸ்டே விரிசல் விட்டால் அந்தத் துளை வழியாகத் தண்ணீர் வந்து காட்டிக்கொடுக்கும். குளிர்ந்தபின் விளக்கை எடுத்துக்கொண்டு போய்ப் பாருங்கள்: துளையின் கீழே வெள்ளைக் கோடு, உப்பு காய்ந்ததுபோல, இருந்தால் அந்த ஸ்டே போய்விட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். பாய்லர் ஆய்வாளர் பார்த்துச் சொல்லும்வரை தீ மூட்டாதீர்கள். அந்தத் துளையைப் பெயின்ட் பூசி அடைத்து வைத்திருக்கும் அழகான இன்ஜின்களை நான் பார்த்திருக்கிறேன். அதைவிட அழுக்காக இருப்பது எவ்வளவோ மேல்.

சரி, எப்படி மூட்டுவது? முந்தின நாள் மதியமே ஆரம்பியுங்கள். கேஜ் கிளாஸில் (பாய்லரின் நீர்மட்டம் காட்டும் கண்ணாடி) தண்ணீர் தெரிகிறது என்பதோடு விடாமல், அதன் வடிகாலைத் திறந்து மூடி, தண்ணீர் இறங்கி மறுபடி துள்ளி ஏறுகிறதா என்று பாருங்கள். ரெகுலேட்டர் (சிலிண்டருக்கு ஆவி விடும் வால்வு) மூடியிருக்கட்டும், ரிவர்சர் (முன்னே, பின்னே என ஓட்டத்தை மாற்றும் கருவி) நடுவில், கைபிரேக் இறுக்கமாக, சிலிண்டர் வடிகால் திறந்து. உள்ளிருக்கும் காற்று வெளியேற மேலே ஒரு வால்வு லேசாகத் திறந்திருக்கட்டும். விறகை வைத்துச் சின்னத் தீ, அடுப்புத் தீ அளவுக்கு. புகைபோக்கியின் இழுப்பைக் கூட்டும் ப்ளோயரைத் தொடவே வேண்டாம்; ப்ளோயர் போட்டால் நேரம் மிச்சமாகும், அந்த நேரத்துக்கு டியூப் நுனிகள்தான் விலை கொடுக்கும். இரவுக்குள் பாய்லர் முழுவதும் வெதுவெதுப்பானால் போதும். தீ இருக்கும்வரை ஒருவர் கூடவே இருக்க வேண்டும், இதில் விட்டுக்கொடுப்பே கிடையாது. காலையில் அதே சூட்டின்மேல் தீயை வளர்த்துக்கொண்டு போகலாம். உங்கள் அளவு இன்ஜினுக்குக் குளிர்நிலையிலிருந்து குறைந்தது எட்டுப் பத்து மணி நேரம் கொடுங்கள். பெரிய இன்ஜின்களுக்கு ஒரு நாள் முழுக்க எடுத்துக்கொள்வார்கள். வெறும் சிரத்தைக்காகச் செய்வதில்லை.

மாலையில் இதன் மறுபக்கம். நெருப்பு உயிரோடு இருக்கும்போதே பாய்லருக்குள் தண்ணீர் செலுத்தும் இன்ஜெக்டரைப் போட்டுக் கண்ணாடியில் முக்கால்வாசிக்கு மேல் தண்ணீர் ஏற்றிவிடுங்கள். நெருப்பு அணைந்தபின் இன்ஜெக்டரைப் போடுவது தப்பு, குளிர்ந்த தண்ணீர் நேரே அடிக்குப் போய் உட்கார்ந்துகொள்ளும். நெருப்பை இறக்க வேண்டாம், தானாக எரிந்து தணியட்டும். கீழிருந்து காற்று வரும் வழியான டேம்பரை மூடி, கரி போடும் ஃபயர்ஹோல் கதவைச் சாத்தி, புகைபோக்கி மேல் ஒரு தகர மூடியைக் கவிழ்த்துவிடுங்கள். உள்ளே காற்று ஓடாவிட்டால் பாய்லர் மறுநாளும் வெதுவெதுப்பாகவே இருக்கும். நான் சொன்னதில் மிகச் சுலபமானது இந்த மூடிதான். பாதிப் பேர் செய்யாததும் இதுதான்.

இனி நிற்கும் மாதங்கள். அமெரிக்க ஒன்றிய விதி ஒன்றைச் சொல்கிறேன், விஷயம் விளங்கும். அங்கே நீராவி இன்ஜின் பாய்லரை 1,472 சேவை நாட்களுக்கு ஒருமுறை, அல்லது 15 வருடத்துக்கு ஒருமுறை, எது முந்துகிறதோ அப்போது, டியூப்களை எடுத்து முழுமையாக ஆராய வேண்டும். வருடத்துக்கு ஆறு நாள் என்றால் 1,472 நாள் சேர 245 வருடம் ஆகும். 15 வருடத்தில் நீங்கள் ஓட்டியிருப்பது 90 நாள். அப்படியிருந்தும் பிரித்துப் பார்க்கச் சொல்கிறார்கள். நிற்பதும் ஒரு தேய்மானம்தான் என்பது அந்த விதிக்குள்ளேயே இருக்கிறது.

பாதித் தண்ணீர் ஏன் ஆகாது? மேல்பாதியில் காற்று, கீழ்ப்பாதியில் அந்தக் காற்றின் ஆக்சிஜன் கரைந்த தண்ணீர். நீர்மட்டக் கோட்டில் தகட்டில் அம்மைத் தழும்புபோலக் குழி விழ ஆரம்பிக்கும். சீராகத் துரு பிடித்தாலாவது தடிமனை அளந்து கணக்குப் போடலாம். குழி ஒரே இடத்தில் துளைத்துக்கொண்டு போகும். ஒன்று முழுக்க நிரப்புங்கள், இல்லை முழுக்கக் காய வையுங்கள்.

இரண்டு ஓட்டங்களுக்கு இடையே மூன்று நான்கு வாரம்தான் என்றால் நிரப்பி வைப்பது எளிது. கழுத்துவரை நிரப்பி, உள்ளே காற்றுப் பை இல்லாமல் பார்த்து, பிஎச் 11ஐ ஒட்டி இருக்கும்படி காரம் சேர்த்து, ஆக்சிஜனை விழுங்க சோடியம் சல்ஃபைட்டோ டானினோ சேர்க்க வேண்டும். அளவைத் தண்ணீர் சுத்திகரிப்பு தெரிந்தவரிடம் கேட்டுச் செய்யுங்கள், குத்துமதிப்பாகப் போடாதீர்கள். உறைபனி விழும் இடத்தில் இந்த முறையே வேண்டாம்.

உங்களுக்கு இடைவெளி நீளமாகத் தெரிகிறது, ஆகவே காயவைப்பதைத்தான் சொல்வேன். அழுத்தம் பூஜ்யமாகி, தகட்டில் கை வைத்துத் தாங்குகிற சூட்டுக்கு வந்தபின் தண்ணீரை வடியுங்கள். கொதிக்கக் கொதிக்க வடித்தால் சேறு தகட்டிலேயே சுட்டு ஒட்டிக்கொள்ளும். பாய்லரைக் கழுவுவதற்கென இருக்கும் எல்லா வாஷ்அவுட் பிளக்குகளையும் கழற்றி, குழாய் முனையால் பீய்ச்சி, அடி வளையத்தில் தேங்கும் சேற்றை வெளியே தள்ளுங்கள். கசிகிற டியூப்கள் பெரும்பாலும் கீழ் வரிசைகளில் என்றால் அங்கே சேறு தங்கியிருக்கிறதா என்று பிளக் துளை வழியாக விளக்கடித்துப் பாருங்கள். பின்பு வெதுவெதுப்பான காற்றை ஊதிக் காய வையுங்கள். காலி பாய்லருக்குள் சின்னதாகத் தீ போட்டுக் காயவைக்கலாம் என்று யாராவது யோசனை சொன்னால் அவரிடம் தீப்பெட்டியைக் கொடுக்காதீர்கள். ஷெட்டில் ஈரப்பதம் அதிகமென்றால் தட்டுகளில் சிலிக்கா ஜெல் வைத்து மூடுங்கள். ஈரம் குடித்துவிட்டதா என்று அவ்வப்போது பார்த்து மாற்றுங்கள். வறண்ட, காற்றோட்டமான ஷெட் என்றால் பிளக்குகள் திறந்தே இருக்கட்டும். எப்படி வைத்தாலும் ஃபயர்ஹோல் கதவில் 'பாய்லரில் தண்ணீர் இல்லை' என்று ஒரு அட்டை தொங்க வேண்டும்.

தண்ணீர்ப் பக்கத்தை இவ்வளவு கவனிக்கிறவர்களும் நெருப்புப் பக்கத்தை மறந்துவிடுவார்கள். நிலக்கரிச் சாம்பலில் கந்தகம் இருக்கிறது, சாம்பல் காற்றின் ஈரத்தை உறிஞ்சும், இரண்டும் சேர்ந்தால் அமிலம். ஸ்மோக்பாக்ஸின் அடித்தகடு ஓட்டையாவது ஓட்டத்தால் அல்ல, வாரிக் கொட்டாமல் விட்ட கரித்தூளால். ஆறியதும் ஸ்மோக்பாக்ஸ், டியூப்கள், கிரேட், சாம்பல் தட்டு எல்லாம் காய்ந்த நிலையிலேயே சுத்தமாக வேண்டும். ஃபயர்பாக்ஸின் நான்கு மூலைகளிலும் விரலை விட்டுப் பாருங்கள். பிசுபிசுப்பான சாம்பல் ஒட்டினால் வேலை முடியவில்லை.

தண்ணீரின் தரத்தையும் சோதிக்கச் சொல்கிறேன், காரணம் உப்புப் படிவு டியூபை மட்டும் கெடுப்பதில்லை. 1995 ஜூன் 16 அன்று அமெரிக்காவின் பென்சில்வேனியாவில், சுற்றுலாப் பயணிகளுக்கு ஓடிக்கொண்டிருந்த கெட்டிஸ்பர்க் ரயில்பாதையின் 1278 எண் இன்ஜினில், தண்ணீர் குறைந்து ஃபயர்பாக்ஸின் மேல்தகடு வெந்து கிழிந்தது. இன்ஜினில் இருந்த மூவர் தீக்காயம் பட்டார்கள். விசாரணையில் கேஜ் கிளாஸுக்குப் போகும் வழி படிவால் அடைபட்டிருந்தது தெரிந்தது. கண்ணாடி காட்டுகிற மட்டத்தை நம்ப முடியாத நிலை. 10 பார் அழுத்தத்தில் தண்ணீர் 184 டிகிரியில் இருக்கிறது. அழுத்தம் சட்டென்று போனால் அதில் ஏறக்குறைய ஆறில் ஒரு பங்கு உடனே ஆவியாகும், ஒரு லிட்டர் தண்ணீர் சுமார் 1,700 லிட்டர் ஆவியாக. மேல்தகட்டில் இருக்கும் ஈயத் தக்கை உருகிக் காப்பாற்றும் என்று நம்பாதீர்கள், அது எச்சரிக்கை மணி மட்டும்தான். கேஜ் கிளாஸ் இரண்டையும் ஓட்டத்தன்று தீயை வளர்க்கும் முன்பும், வண்டி எடுக்கும் முன்பும், இடையிலும் ஊதிச் சோதியுங்கள்.

இப்போது உங்கள் கேள்விக்கே வருகிறேன். டியூப் பிளேட்டை அப்படியே ஒரு தாளில் வரைந்து, கசியும் டியூப்களுக்கு எண் போட்டுக் குறியுங்கள். ஆய்வாளரை அழைத்து ஸ்டேக்களைச் சுத்தியலால் தட்டிப் பார்க்கவும், தகட்டின் தடிமனை அல்ட்ராசோனிக் கருவியால் அளக்கவும் சொல்லுங்கள். எல்லாம் சரியென்றால், கசிபவற்றை மட்டும் ஒரே ஒரு முறை எக்ஸ்பாண்ட் செய்துகொள்ளலாம். அடுத்த இரண்டு ஓட்டங்களை மெதுவாகச் சூடேற்றி, மெதுவாக ஆறவிட்டுச் செய்யுங்கள். மறுபடி அதே எண்கள் கசிந்தால் ரோலரை எடுக்காமல் அந்த டியூப்களை மாற்றிவிடுங்கள்.

பாய்லர் மேல்போர்வையைக் கழற்றும் வேலை வந்தால் ஒரு வார்த்தை: பழைய இன்ஜின்களில் அதன் அடியில் வெப்பக்காப்பாக ஆஸ்பெஸ்டாஸ் இருக்க வாய்ப்பு அதிகம். மாதிரி எடுத்துச் சோதிப்பதைக்கூட உரிய பயிற்சி உள்ளவரிடம் விடுங்கள், முடிவு வரும்வரை நீங்கள் கை வைக்காதீர்கள். அப்புறம், இன்ஜினை நீண்ட நாள் நிறுத்தும்போது எண்ணெய்க் கிண்ணங்களில் இருக்கும் கம்பளித் திரிகளை வெளியே எடுத்துவையுங்கள். விட்டுவைத்தால் இன்ஜின் நின்றிருக்கும்போதும் அவை எண்ணெயை உறிஞ்சி இறக்கிக்கொண்டே இருக்கும். நீங்கள் மறுபடி வரும்போது கிண்ணம் காலியாகவும் தரை வழுக்கலாகவும் இருக்கும்.