ஆண்டவர் வருவார்னா புள்ளை ஏன் ராத்திரி அழணும்?

கேள்வி: அக்கா, நான் தூத்துக்குடி மாவட்டத்துல ஒரு சின்ன ஊர்ல இருந்து எழுதறேன். எங்க வீட்டுக்காரர் ஹார்டுவேர் கடை வச்சிருக்கார். ஒன்றரை வருஷமா யூடியூப்ல ஒரே ஒரு ஊழியக்காரர் பிரசங்கத்தைதான் கேக்கறார். 1948-ல இஸ்ரவேல் தேசம் உருவாச்சு, அதோட 80 கூட்டினா 2028, அதுக்குள்ள ஆண்டவர் வந்து சபைய, அதாவது விசுவாசிகளை, பரலோகத்துக்கு எடுத்துக்கிட்டுப் போயிருவார்ங்கறது அந்த ஊழியக்காரர் கணக்கு. சரக்கு எடுத்த மொத்தக் கடைக்கு பாக்கி குடுக்காம காணிக்கை அனுப்பறார். மக பிளஸ் டூ, நர்சிங் படிக்கணும்னு ஆசைப்படறா, "நீ படிச்சு முடிக்கிறவரைக்கும் நாம இங்க இருக்கப் போறதில்ல"ங்கறார். எங்க அப்பா என் பேர்ல எழுதி வச்ச 12 சென்ட் இடத்தை ஊழியத்துக்கு எழுதிக் குடுன்னு கேக்கறார். முடியாதுன்னா "நீ கைவிடப்படுவ"ங்கறார். 10 வயசு மகன் நடுராத்திரி எழும்பி வந்து எங்க முகத்தைத் தொட்டுப் பாத்துட்டு போய் படுக்கான். நானும் விசுவாசிதான்க்கா. ஒருவேளை அவர் சொல்றது நெஜமா இருந்துட்டா?

பதில்:

அன்புத் தங்கச்சி, உங்க லெட்டரை நாலு தடவை படிச்சேன், ஒவ்வொரு தடவையும் அந்தப் பையன் முகத்தைத் தொட்டுப் பாக்கற இடத்துல நின்னுட்டேன். அதனால அங்க இருந்தே ஆரம்பிக்கறேன், இடம் பத்திரம் எல்லாம் அப்புறம் பேசலாம்.

ஆண்டவரோட இரண்டாம் வருகையைப் பத்தி பேசுற எல்லாரும் கையில எடுக்கற வசனம் 1 தெசலோனிக்கேயர் 4-ம் அதிகாரம், எக்காளம் தொனிக்கும், மரிச்சவங்க முதல்ல எழுந்திருப்பாங்க, உயிரோட இருக்கறவங்க மேகங்கள் மேல எடுத்துக்கொள்ளப்படுவாங்கன்னு வருமே அதுதான். அது எதுக்காக எழுதப்பட்டதுன்னு கொஞ்சம் மேல போய் 13-ம் வசனத்துல இருந்து படிச்சுப் பாருங்க. அந்த சபையில சிலர் இறந்துட்டாங்க, வீட்ல அழுதுகிட்டு இருக்காங்க, ஆண்டவர் வர்றதுக்குள்ள இவங்க போயிட்டாங்களே இவங்க கதி என்னன்னு தவிப்பு. அவங்களைத் தேத்தறதுக்காக அப்போஸ்தலன் பவுல் எழுதினது அது. முடிக்கும்போது 18-ம் வசனத்துல என்ன சொல்றார்? "இந்த வார்த்தைகளினாலே நீங்கள் ஒருவரையொருவர் தேற்றுங்கள்". பயமுறுத்துங்கள்னு இல்ல, தேற்றுங்கள். துக்க வீட்டுக்கு எழுதின ஆறுதல் லெட்டரை எடுத்து ஒரு 10 வயசுப் புள்ளைய நடுங்க வைக்கறாங்கன்னா, அது பிரசங்கம் பண்றவர் பண்ற தப்பு, வேதத்து மேல தப்பு இல்ல.

இந்தப் பயம் உங்க மகனுக்கு மட்டும் வந்ததுன்னு நினைக்காதீங்க. ஆண்டவர் திடீர்னு வந்து விசுவாசிகளை மட்டும் கூட்டிட்டுப் போவார்ங்கற இரகசிய வருகைய ரொம்ப பேசுற சபைகள்ல வளந்த எத்தனையோ பேர் இதையேதான் சொல்லுவாங்க, ஸ்கூல் விட்டு வந்து வீடு பூட்டியிருந்தா, அம்மா பக்கத்து வீட்டுக்கு போயிருப்பாங்கன்னு தோணாதாம், எல்லாரும் போயிட்டாங்க நான் மட்டும் விடப்பட்டுட்டேன்னுதான் முதல்ல தோணுமாம். அவன் எழும்பி வந்தா தூங்கற மாதிரி நடிக்காதீங்க, பக்கத்துல படுக்க வச்சுக்கோங்க, "இயேசு சின்னப் பிள்ளைங்கள என்கிட்ட வர விடுங்கன்னு சொன்னவர், உன்னை விட்டுட்டு போறவர் இல்ல"ன்னு காதுல சொல்லுங்க. ஒரு தடவை சொன்னா போதாது, தினம் சொல்லணும். அந்த வீடியோவ வீட்ல ஸ்பீக்கர்ல போடக்கூடாதுன்னு வீட்டுக்காரர்கிட்ட கண்டிப்பா சொல்லிருங்க, அவர் கேக்கணும்னா ஹெட்செட் போட்டுக்கட்டும்.

இப்ப அந்த 2028 கணக்குக்கு வரேன். மத்தேயு 24-ல அத்திமர உவமை இருக்கு, இளங்கிளை தோணி துளிர்விட்டா வசந்தகாலம் கிட்ட வந்துருச்சுன்னு தெரியும்னு ஆண்டவர் சொல்றார், ரெண்டு வசனம் தள்ளி, இதெல்லாம் நடக்கறதுக்கு முன்னால "இந்தச் சந்ததி ஒழிந்துபோகாது"ன்னு வருது. அத்திமரம்னா இஸ்ரவேல், துளிர்விட்டது 1948, சந்ததின்னா 80 வருஷம், ஏன்னா சங்கீதம் 90-ல ஆயுசு 70, பெலத்தின் மிகுதியால 80ன்னு இருக்கு, இதுதான் அவர் போடற கூட்டல். ஆனா இதே வாக்கியத்தை லூக்கா எப்படி எழுதியிருக்கார்னு 21:29 திறந்து பாருங்க, "அத்திமரத்தையும் மற்றெல்லா மரங்களையும் பாருங்கள்"னு இருக்கு. மற்றெல்லா மரங்களையும்! அத்திமரம் ஒரு தேசத்துக்கு ரகசியக் குறியீடுன்னா மத்த மரமெல்லாம் என்ன? துளிர் வந்தா காலம் மாறுதுன்னு எந்த விவசாயிக்கும் தெரியற சாதாரண உதாரணத்தைதான் அவர் சொன்னார். அதோட அந்தப் பேச்சு ஆரம்பிச்சதே எருசலேம் தேவாலயத்துல கல்லின்மேல் கல் இராதபடி இடிஞ்சு போகும்னு அவர் சொன்னதுலதான், அது கி.பி. 70-ல ரோமப் படை கையால அப்படியே நடந்துச்சு. அதைக் கண்ணால பாத்த தலைமுறையத்தான் "இந்தச் சந்ததி"ன்னு சொன்னார்னு வாசிக்கற வேத அறிஞர்கள் நிறைய பேர் இருக்காங்க.

இன்னொண்ணும் கவனிங்க, இந்தக் கூட்டல் முதல்ல 80 இல்ல, 40. இஸ்ரவேலர் வனாந்தரத்துல அலைஞ்ச 40 வருஷத்தை ஒரு தலைமுறைன்னு வச்சு 1948-ஓட கூட்டி 1988-ன்னாங்க, அமெரிக்காவுல நாசாவுல இன்ஜினியரா இருந்த எட்கர் விசனன்ட்னு ஒருத்தர் 88 காரணம் அடுக்கி அந்த செப்டம்பர்லயே வருகைன்னு புத்தகம் போட்டார், லட்சக்கணக்குல போச்சு, செப்டம்பர் வந்துச்சு, போச்சு. அப்புறம் 70 கூட்டி 2018-ன்னாங்க. இப்ப 80. இதுலயும் உங்க வீட்டுக்காரர் கேக்கற ஆளுங்க வருகைக்கு அப்புறம் ஏழு வருஷம் உபத்திரவ காலம், அதாவது உலகத்துக்குப் பெரிய கஷ்ட காலம்னு சொல்றவங்கதான, அதுவும் 2028-க்குள்ள முடியணும்னா, 2028-ல ஏழைக் கழிச்சா வருகை 2021, அது போயே போச்சு. அப்ப அவங்க கணக்குப்படியே அவங்க கணக்கு முடிஞ்சிருச்சு. இதை ஒரு பேப்பர்ல எழுதி, சண்டை போடாம, அவர் டீ குடிச்சுகிட்டு இருக்கும்போது முன்னால வைங்க.

நம்ம பக்கத்துலயே நடந்த ஒண்ணு சொல்றேன். தமிழ் பிராமணக் குடும்பத்துல பிறந்து கிறிஸ்தவரான ஒருத்தர், ஜஸ்டஸ் ஜோசப்னு பேரு, வித்வான் குட்டின்னு கூப்பிடுவாங்க, திருவிதாங்கூர்ல பெரிய எழுப்புதல், அதாவது சபை ஜனங்க மத்தியில பெரிய பக்தி அலை, நடந்த காலத்துல 1875 வாக்குல இன்னும் ஆறு வருஷத்துல, 1881-ல ஆண்டவர் வந்துருவார்னு அறிவிச்சார். அவர் பின்னால சபையே தனியாப் போச்சு. 1881 வந்து போன அப்புறம் ஆண்டவர் வந்துட்டார், ஆவிக்குரிய விதத்துல வந்துட்டார்னு விளக்கம் சொல்லி அது இன்னொரு மார்க்கமா மாறிப்போச்சு. அவர் கெட்டவர் இல்ல தங்கச்சி, அவர் எழுதின பாட்டை இன்னிக்கும் மலையாள சபைகள்ல உருகி உருகி பாடறாங்க. பக்தி உண்மையா இருந்தும் தேதி தப்பாப் போச்சு, உங்க வீட்டுக்காரரையும் நான் அப்படித்தான் பாக்கறேன். அமெரிக்காவுல வில்லியம் மில்லர்னு ஒரு விவசாயி, தானியேல் 8:14-ல உள்ள 2300 நாளை வருஷமா எடுத்து கணக்குப் போட்டார், கடைசில அவங்க கூட்டம் 1844 அக்டோபர் 22-ன்னு நாள் குறிச்சுது, சில பேர் உருளைக்கிழங்கைக் கூட தோண்டாம நிலத்துலயே விட்டுட்டு காத்திருந்தாங்க, விடிய விடிய அழுதாங்கன்னு அவங்களே எழுதி வச்சிருக்காங்க.

ஆனா எல்லாரும் அப்படி வெள்ளந்தி இல்ல. தென்கொரியாவுல லீ ஜாங் ரிம்னு ஒரு ஊழியர் 1992 அக்டோபர் 28-ன்னு தேதி வச்சார், ஜனங்க வேலைய விட்டாங்க, வீட்டை வித்துக் குடுத்தாங்க. அந்த நாளுக்கு ஒரு மாசம் முன்னாடி போலீஸ் அவரைப் பிடிச்சப்ப பாத்தா, காணிக்கைப் பணத்துல அந்தத் தேதிக்கு அப்புறம் முதிர்வாகற பாண்டு வாங்கி வச்சிருக்கார். உலகம் அக்டோபர்ல முடியும்னு சொன்னவருக்கு அடுத்த வருஷத்துப் பாண்டு எதுக்கு? உங்க வீட்டுக்காரர்கிட்ட நீங்க கேக்க வேண்டிய ஒரே கேள்வி இதுதான், 2028-க்குள்ள எல்லாம் முடியும்னா அந்த ஊழியக்காரருக்கு நம்ம 12 சென்ட் எதுக்கு? அவர் அந்த இடத்துல என்ன கட்டப் போறார், எத்தனை வருஷத்துக்குக் கட்டப் போறார்? கோவமா கேக்காதீங்க, நிஜமாவே பதில் வேணும்னு கேளுங்க.

நீங்க கேட்ட கேள்விக்கு நேரா பதில் சொல்லணும்ல, ஒருவேளை நெஜமா இருந்துட்டான்னு. ஆண்டவர் வருவார்ங்கறது நெஜம், நானும் ஒவ்வொரு ஞாயிறும் விசுவாசப் பிரமாணத்துல சொல்றேன், சொல்லும்போது மனசார நம்பித்தான் சொல்றேன், இன்னிக்கு ராத்திரியே வந்தாலும் எனக்கு சந்தோஷம்தான். ஆனா அந்த நாளையும் நாழிகையையும் பிதா ஒருவர் தவிர யாருக்கும் தெரியாதுன்னு அவரே சொன்னார், மாற்குல "குமாரனும் அறியார்"னு இருக்கு. குமாரனுக்கே தெரியாதுன்னு சொன்னதை ஒரு யூடியூப் சேனல்காரர் தெரியும்ங்கறாருன்னா யாரை நம்பணும்னு நான் சொல்லணுமா? நடக்காததைக் கர்த்தர் பேரால சொன்னவனுக்கு நீ பயப்பட வேண்டாம்னு உபாகமம் 18:22-ல எழுதியே இருக்கு. கலிபோர்னியாவுல ஹரால்ட் கேம்பிங்னு ரேடியோ பிரசங்கியார், 1994 சொல்லி தப்பாப்போச்சு, 2011 மே 21 சொல்லி ஊரெல்லாம் போர்டு வச்சு அதுவும் போச்சு, அக்டோபர் சொல்லி அதுவும் போச்சு, 90 வயசுல தேதி குறிச்சது பாவம்னு எழுதி மன்னிப்பு கேட்டார். கேட்டாரே, அது பெரிய விஷயம், ஆனா அவரை நம்பி சேமிப்பெல்லாம் செலவழிச்சவங்களுக்கு அந்தப் பணம் திரும்ப வரல.

எங்க ஆச்சியப் பத்தி சொல்றேன், நாசரேத் பக்கம் எங்க ஊரு. ராத்திரி ஜெபத்துல "சீக்கிரம் வாரும் ஆண்டவரே"ன்னு சொல்லாம படுக்கவே மாட்டாங்க. அவங்க வருகைக்கு ஆயத்தமானது எப்படின்னா, சனிக்கிழமை சாயங்காலம் பலசரக்குக் கடை பாக்கிய எண்ணி எடுத்துகிட்டு போய் குடுத்துட்டு வருவாங்க, பால்காரருக்கு முடிப்பாங்க, பக்கத்து வீட்டு அம்மாகூட கோழி விஷயமா சண்டை போட்டிருந்தா போய் பேசிட்டு வருவாங்க, "கடனோடயும் கோவத்தோடயும் அவர் முகத்துல போய் முழிக்கக் கூடாது"ம்பாங்க. உங்க லெட்டர்ல சரக்குப் பாக்கி குடுக்காம காணிக்கை அனுப்பறார்னு படிச்சப்ப எனக்கு ஆச்சிதான் ஞாபகம் வந்தாங்க. அந்த மொத்தக் கடைக்காரருக்கும் குடும்பம் இருக்கும், அவர் காசை எடுத்து ஆண்டவருக்குக் குடுக்க முடியாது தங்கச்சி. தெசலோனிக்கேயாவுலயும் இதே கதைதான், கர்த்தருடைய நாள் வந்துருச்சுன்னு கலங்கிப் போன சபை அது, அதுலயே சிலர் வேலை செய்யாம சுத்திட்டு இருந்தாங்க, அதே சபைக்கு பவுல் எழுதின ரெண்டாவது லெட்டர்லதான் வேலை செய்ய மனசில்லாதவன் சாப்பிடவும் கூடாதுன்னு வருது. இதை வீட்டுக்காரர் காதுல போட நீங்க வேணாம், நீங்க சொன்னா "அவிசுவாசம்"னு ஒரே வார்த்தையில முடிச்சிருவார். உங்க சபை ஐயர், அதான் போதகர், இல்ல அவர் மதிக்கற பெரியவங்க யாராவது, அவரோட அண்ணன், பழைய வாலிபர் சங்க நண்பர், யாரோ ஒருத்தரைக் கூட்டிட்டு வந்து கூட உக்காந்து ரெண்டு தெசலோனிக்கேயர் நிருபத்தையும் ஒரே மூச்சுல வாசிக்கச் சொல்லுங்க. மொத்தமே எட்டு அதிகாரம்தான், ஒரு மணி நேரம் கூட ஆகாது.

பத்திரத்துல மட்டும் நான் வளையச் சொல்ல மாட்டேன். இடம் உங்க பேர்ல இருக்கு, உங்க கையெழுத்து இல்லாம அது எங்கயும் போகாது, அழுதாலும் பேசாம இருந்தாலும் "கைவிடப்படுவ"ன்னு சொன்னாலும் கையெழுத்து போடாதீங்க. பவர் குடுன்னு கேட்டாலும் குடுக்காதீங்க. தான செட்டில்மெண்டா ஒரு தடவை பதிவாயிருச்சுன்னா, அப்புறம் மனசு மாறிடுச்சுன்னு போய் நீங்களா ரத்து பண்ணிட முடியாது, கோர்ட்டு படி ஏறணும். மூலப் பத்திரத்தை எடுத்து உங்க அண்ணன் தம்பி வீட்லயோ பேங்க் லாக்கர்லயோ வச்சிருங்க. இதைச் செய்யறதால உங்க விசுவாசம் குறைஞ்சிடாது. "நீ கைவிடப்படுவ"ங்கற வார்த்தை ரொம்ப வலிச்சிருக்கும்னு தெரியும், ஆனா யார் எடுத்துக்கொள்ளப்படுவாங்கன்னு தீர்க்கற நாற்காலில உங்க வீட்டுக்காரரை யாரும் உக்கார வைக்கல.

மகளோட நர்சிங் அப்ளிகேஷன் எப்ப திறக்குதுன்னு ஸ்கூல் டீச்சர்கிட்ட இந்த வாரமே கேளுங்க, கம்யூனிட்டி சர்டிபிகேட், வருமானச் சான்று இதெல்லாம் இ-சேவை மையத்துல இப்பவே போட்டு வாங்கி வைங்க, கடைசி நேரத்துல அலைய முடியாது. பீஸ் கட்ட கையில காசு இல்லன்னா உங்க நகையில ஒண்ணை அடகு வச்சாவது கட்டுங்க. எரேமியா 29-ஐ அவளுக்கு வாசிச்சுக் காட்டுங்க, பாபிலோனுக்கு சிறைப்பட்டுப் போய், 70 வருஷம் கழிச்சுதான் விடுதலைன்னு தெரிஞ்ச ஜனத்துக்கே கர்த்தர் வீடு கட்டுங்க, தோட்டம் போடுங்க, பிள்ளைங்களுக்கு கல்யாணம் பண்ணி வைங்கன்னுதான் சொன்னார். ஐயர் வந்து பேசின அப்புறம் என்ன ஆச்சுன்னு எனக்கு எழுதுங்க, பையன் ராத்திரி எழும்பாம தூங்கறானான்னும் சேர்த்து எழுதுங்க.