பழைய டியூபா வாங்கலாமா? வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: பெல்லில் (விரிந்த வாய்ப்பகுதியில்) ‘யார்க்’ என்ற கம்பெனிப் பெயர் பொறித்த டியூபா (பெரிய பித்தளை ஊதுகருவி) ஒன்று விலைக்கு வந்திருக்கிறது. சிகாகோ சிம்பனி இசைக்குழுவில் இருக்கும் ரகம் என்கிறார் விற்பவர். நம்பலாமா? (வாசகர், டொரன்டோ)

பதில்: சிகாகோவில் இருப்பவை இரண்டே இரண்டு. 1930-களில் மிச்சிகனின் கிராண்ட் ரேப்பிட்ஸில் செய்தவை. அந்தக் குழுவின் டியூபா கலைஞர் ஆர்னால்ட் ஜேக்கப்ஸ் வாசித்ததால் பெயர் பெற்றவை. அந்த அளவும் ஒலியும்தான் வேண்டுமென்றால் யமஹாவும் ஹிர்ஸ்பிரன்னரும் செய்த நகல்களைத் தேடுவதே புத்திசாலித்தனம். மற்ற யார்க்குகளிலும் நல்லவை உண்டு. ஆனால் பெல்லைப் பார்த்து விலை பேசாதீர்கள். ஒரு கருவியின் பெல்லை இன்னொன்றில் பற்றவைத்துவிட முடியும். வரிசை எண் வால்வு உறையில் இருக்கும், அதைப் படமெடுத்து அனுப்பச் சொல்லுங்கள். யார்க் பெயர் பிற்காலத்தில் ஐரோப்பாவில் செய்த கருவிகளிலும் வந்தது.

குழாயை வெட்டிச் சுருக்கிய கருவியா என்றும் கேளுங்கள். 18 அடிக் குழாயுள்ள பிபி-ஃபிளாட் டியூபாவை, ஒரு முழுச்சுரம் உயர்ந்த 16 அடி சிசி டியூபா ஆக்குவது அமெரிக்காவில் சகஜம். அப்படிச் செய்தால் வால்வு ஸ்லைடுகளிலும் (இழுத்து நீளம் மாற்றும் குழாய்களிலும்) ஒன்பதில் ஒரு பங்கு குறைக்க வேண்டும். தவறான இடத்தில் வெட்டினால் குழாய் விரியும் போக்கு கெட்டு, சில சுரங்கள் எங்கோ நிற்கும். வால்வு அழுத்தாமல் வரும் இயல் சுரங்களை டியூனர் முன்னால் ஒவ்வொன்றாக ஊதச் சொல்லுங்கள். கீழிருந்து ஐந்தாவது இயல் சுரம் 14 சென்ட்டும் (ஒரு சென்ட் என்பது அரைச்சுரமான செமிடோனில் நூறில் ஒன்று) ஏழாவது 31 சென்ட்டும் தாழ்ந்திருப்பது இயற்கை. மற்றவை 20 சென்ட்டைத் தாண்டி விலகினால் விட்டுவிடுங்கள்.

கேள்வி: இங்கிலாந்து பிராஸ் பேண்டில் இருந்த பழைய இ-ஃபிளாட் பெஸ்ஸன் டியூபா மலிவாகக் கிடைக்கிறது. ஏன் இவ்வளவு மலிவு? (வாசகர், லண்டன்)

பதில்: பெரும்பாலும் சுருதிதான் காரணம். 1960-களின் நடுப்பகுதி வரை அங்குள்ள பேண்டுகள் ஏ சுரம் = 452.5 ஹெர்ட்ஸ் என்ற சுருதியில் வாசித்தன, இன்று 440. வித்தியாசம் ஏறத்தாழ ஒரு செமிடோனின் பாதி, அதாவது 48 சென்ட். இ-ஃபிளாட்டின் குழாய் சுமார் 13 அடி. அதைத் தாழ்த்த 11 செ.மீ. நீளம் கூட வேண்டும். ஸ்லைடுக்கு இரண்டு கால் என்பதால் மெயின் ஸ்லைடை ஐந்தரை செ.மீ. இழுக்க வேண்டியிருக்கும். பல கருவிகளில் அவ்வளவு இழுத்தால் உள்ளே பிடிப்பு மிஞ்சாது.

அதோடு முடியாது. வால்வு ஸ்லைடுகளும் அதே விகிதத்தில் நீள வேண்டும்: முதல் வால்வுக்கு 7 மி.மீ., இரண்டாவதுக்கு 3, மூன்றாவதுக்கு 10, நான்காவது இருந்தால் 19 இழுப்பு. காம்பென்சேட்டிங் ரகமென்றால் (வால்வுகளைச் சேர்த்து அழுத்தும்போது கூடுதல் குழாய் தானே இணையும் ரகம்) பின்பக்க வளையங்களையும் கணக்கில் சேர்க்க வேண்டும். விட்டால் கீழ்ச்சுரங்கள் ஏறி நிற்கும். பலர் இதை மறந்து மெயின் ஸ்லைடை மட்டும் நீட்டிவிட்டு, கருவியே சரியில்லை என்று திட்டுகிறார்கள். பட்டறைக் கூலியைக் கேட்டு, அதை விலையோடு கூட்டிப் பார்த்த பிறகு முடிவெடுங்கள்.

கேள்வி: நசுங்கல், தேய்ந்த வால்வு, இரண்டில் எது மோசம்? (வாசகி, சிங்கப்பூர்)

பதில்: வால்வு. நசுங்கலை நிமிர்த்திவிடலாம். தேய்ந்த பிஸ்டனுக்கு முலாம் ஏற்றி உறைக்கு ஏற்ப இழைக்க வேண்டும், செலவு அதிகம். வால்வை அழுத்தாமல் அதன் ஸ்லைடைச் சில செ.மீ. இழுத்து, ஐந்து நொடி கழித்து அழுத்துங்கள். ‘பக்’ என்று சத்தம் வந்தால் காற்று பிடித்திருக்கிறது. மௌதுபீஸ் குழாயில் இளஞ்சிவப்புப் புள்ளிகள் தெரிந்தால் துத்தநாகம் கரைந்து உள்ளிருந்தே உலோகம் அரித்து வருகிறது என்று பொருள். அந்த ஒரு குழாயை மாற்றலாம். பெரிய வளைவுகளிலும் அதே புள்ளிகள் இருந்தால் வாங்க வேண்டாம்.