மகன் பிஸ்டல் வாங்கப் போகிறானாம்

கேள்வி: ஐயா, நீங்கள் ஹியூஸ்டனில் 14 வருசம் கடை நடத்தியவர் என்று முன்பு எழுதியிருந்தீர்கள். என் மகனும் அங்கேதான், ஒரு பெற்றோல் செட் கடையில் இரவு வேலை. பக்கத்துக் கடையில் கொள்ளை நடந்ததாம். இடுப்பில் மறைத்து வைக்க ஒரு பிஸ்டல் வாங்கப் போகிறேன் என்கிறான். கூட்டாளிமார் “45 வாங்கு, ஒரு வெடியிலேயே ஆள் விழுந்திடும்” என்கிறார்களாம். எது நல்லது? எனக்கு நித்திரையே இல்லை.
– ஒரு தாய், உவர்மலை

பதில்: தங்கச்சி, திருகோணமலையில் வெடிச்சத்தம் கேட்டு வளர்ந்த நமக்கு இந்தப் பேச்சில் நித்திரை வராதுதான். ஆனால் மகன் என்ன விசாவில் நிற்கிறான் என்று நீங்கள் எழுதவில்லையே! கிரீன் காட் என்றால் பரவாயில்லை. மாணவர் விசா, தொழில் விசாவில் போனவர்கள் துவக்கு வைத்திருப்பதை, வேட்டை லைசன்ஸ் மாதிரிச் சில விலக்குகள் தவிர, அமெரிக்க மத்திய சட்டம் தடுக்கிறது. டெக்சாஸில் 2021 செப்டெம்பரில் இருந்து 21 வயதானவர் லைசன்ஸ் இல்லாமலே கைத்துப்பாக்கி கொண்டு திரியலாம் என்று கூட்டாளிமார் சொல்லியிருப்பார்கள். அது மாநிலச் சட்டம். மத்திய சட்டம் தடுத்தவரை அது காப்பாற்றாது. கடை முதலாளி சம்மதிக்கிறாரா என்பதையும் கேட்கச் சொல்லுங்கள்.

இனி 45. (இந்த எண்கள் எல்லாம் சன்னத்தின் பருமனைச் சொல்லும் பெயர்கள்: 45, 40, 38, 380 அங்குலக் கணக்கு, 9, 10 மில்லிமீற்றர் கணக்கு.) நானும் முதலில் அதைத்தான் வாங்கினேன், அதுவும் சின்னதாய். 7 யார் தூரத்தில் இலக்குத் தாள். முதல் வெடி நடுவில், மற்ற நாலும் கீழே. துவக்கில்தான் பிழை என்று நான் வாதாட, பயிற்றுவித்தவர் எனக்குத் தெரியாமல் ரவைக்கூட்டில் ஒரு போலி ரவையைச் செருகிவிட்டார். விசையை இழுத்தேன். வெடிக்கவில்லை, ஆனால் துவக்கின் மூக்கு நிலத்தைப் பார்த்தது. உதைக்கப் போகிறதே என்ற பயத்தில் கை முந்திக்கொண்டு குனிகிறது! அந்த வெட்கத்தோடு 9 மில்லிமீற்றருக்கு மாறியவன்தான்.

45 சன்னத்தின் விட்டம் 11.5 மில்லிமீற்றர் வரும். 9 மில்லிமீற்றரோடு வித்தியாசம் இரண்டரை மில்லிமீற்றர், ஒரு பயற்றின் தடிப்பும் இல்லை. 1986இல் மயாமியில் இரண்டு எஃப்.பி.ஐ. ஆட்கள் செத்த சண்டைக்குப் பிறகு 9 போதாதென்று 10க்கும், பிறகு 40க்கும் போனார்கள். கடைசியில் 9க்கே திரும்பினார்கள். நுனியில் குழி வைத்த சன்னங்கள் அதற்குள் நன்றாகத் திருந்திவிட்டன. உதை குறைவு, ரவையும் கூடக் கொள்ளும்.

38 ரிவால்வரை விற்பவர்கள் புதியவருக்கு நல்லதென்பார்கள். பொக்கற்றில் அடங்கும், ஐந்து ரவை. ஆனால் பாரம் குறைந்ததுகள் கையை உதறவைக்கும், விசையும் இறுக்கம். 380 என்பது 9இன் சின்னத் தம்பி: அதே விட்டம், கோது கட்டை, வேகம் குறைவு. என் கணக்கு, நடுத்தர 9. அதையும் வாங்குமுன் ரேஞ்சில், அதாவது சுடப் பழகும் இடத்தில், வாடகைக்கு எடுத்து, இரண்டு மூன்றைச் சுட்டுப் பார்க்கட்டும்.

விசையை முழுதாய் மூடும் கடினமான உறையும் தடித்த பெல்ற்றும் அவசியம். துவக்கு வைத்த பொக்கற்றில் சாவிக்கொத்து கூடாது, விசையில் மாட்டிவிடும். வீட்டில் பிள்ளை இருந்தால் பூட்டுப்பெட்டி.

என்னிடம் ஒருமுறை துவக்கை நீட்டிக் காசு கேட்டார்கள். என்னுடையது இடுப்பில்தான் இருந்தது. கல்லாவில் இருந்த 180 டொலரை எடுத்துக் கொடுத்தேன். அவன் போன பிறகும் கால் நடுங்கியது.

இன்னொன்று. ஊருக்கு வருமுன் ஜக்கெற், பை எல்லாவற்றையும் தட்டி உதறச் சொல்லுங்கள். லைசன்ஸ் இல்லாமல் துவக்கு வைத்திருப்பது இங்கே 1916இல் வந்த சுடுகலன்கள் கட்டளைச் சட்டத்தின் கீழ் குற்றம். மூலையில் கிடந்த ஒற்றை ரவை கட்டுநாயக்காவில் அகப்பட்டால், உவர்மலைக்கு அவன் அன்றைக்கு வந்து சேரமாட்டான்.