கொடி விழலன்னா ரத்தத்தை ஏன் டெஸ்ட் பண்றாங்க?

கேள்வி: அக்கா பொண்ணுக்கு குழந்தை பிறந்து அஞ்சு வாரம் ஆச்சு, தொப்புள்கொடி இன்னும் விழல. டாக்டர் ரத்தம் எடுத்துட்டு இன்டக்ரின் குறைபாடு இருக்கான்னு பாக்கணும்னாங்களாம். கொடிக்கும் ரத்தத்துக்கும் என்ன சம்பந்தம்?

பதில்: மொதல்ல பயப்படாதீங்க, கொடி லேட்டா விழற குழந்தைங்கள்ல பெரும்பாலானவங்களுக்கு ஒரு கோளாறும் இருக்காது. ஆனா டாக்டர் சந்தேகப்பட்டது நியாயம்தான். கொடி சும்மா காஞ்சு உதிருதுன்னு நெனைக்கறோம், அப்படி இல்ல, அடியில வெள்ளை அணுக்கள் வந்து அரிச்சு விட்டாதான் கழண்டு வரும். அதுக்கு அந்த அணு ரத்தக்குழாய விட்டு வெளிய வரணுமே, பாயற ரத்தத்துல அடிச்சுட்டுப் போற ஒரு செல் நடுவுல எப்படி நிக்கும் சொல்லுங்க?

தேவைப்படற இடத்துல குழாயோட உள்சுவர் செலக்டின்னு ஒரு புரதத்தை நீட்டும், வெள்ளை அணு அதுல பட்டு பட்டு உருள ஆரம்பிக்கும், வேகம் கொறையும். உருளும்போதே சுவர்லேருந்து ஒரு சிக்னல் கிடைக்கும், உடனே அதுவரைக்கும் வெள்ளை அணு மேல தலைகுனிஞ்சு மடங்கிக் கிடந்த இன்டக்ரின்ங்கற புரதம் நிமிந்து எந்திரிச்சு சுவர்ல இருக்கற ஐகேம்-1ங்கற புரதத்தை கெட்டியா புடிச்சுக்கும். அணு நின்னுரும், அப்புறம் தட்டையாகி இடுக்கு வழியா நுழைஞ்சு வெளிய போயிரும். (எனக்கு இதுல ரொம்ப புடிச்சது அந்த நிமிந்து எந்திரிக்கறதுதான்.)

ஒவ்வொரு இன்டக்ரினும் ஆல்ஃபா, பீட்டான்னு ரெண்டு புரதத் துண்டு சேந்த ஜோடி, மனுஷங்களுக்கு 18 வகை ஆல்ஃபா, 8 வகை பீட்டா, அதுலேருந்து 24 ஜோடி. பீட்டா-2வோட ஜீன் பழுதா இருந்தா வெள்ளை அணுவால சுவரைப் புடிக்கவே முடியாது. அப்படிப்பட்ட குழந்தைக்கு ரத்தத்துல வெள்ளை அணு எண்ணிக்கை எகிறிக் கிடக்கும், ஆனா புண்ணுல சீழே கட்டாது, ஏன்னா சீழ்ங்கறதே பெரும்பாலும் அங்க வந்து செத்த வெள்ளை அணுதானே. இது ரொம்ப அபூர்வமான நோய். அணுக்களை ஒவ்வொன்னா லேசர் ஒளியில பாக்கற ஃப்ளோ சைட்டோமெட்ரி டெஸ்ட்ல சிடி18 (பீட்டா-2வோட இன்னொரு பேரு) அணு மேல இருக்கான்னு பாத்தா தெரிஞ்சுரும், கடுமையா இருந்தா எலும்பு மஜ்ஜை மாத்தறாங்க.

கேள்வி: அப்ப செல்லுங்க ஒன்னோட ஒன்னு ஒட்டறதெல்லாம் பசை மாதிரிதானா?

பதில்: பசைன்னா ஒட்டினா ஒட்டினதுதான், இங்க அப்படி இல்லீங்க. ரத்தத் தட்டணுவையே (பிளேட்லெட்) எடுத்துக்கோங்க, ஒவ்வொன்னு மேலயும் சுமார் 80,000 இன்டக்ரின் இருக்கு, எல்லாம் எந்நேரமும் நிமிந்தே நின்னா காயமே இல்லாம ரத்தம் கட்டிரும். அதனால காயம் படற வரைக்கும் மடங்கியே இருக்கும், பட்டதும் ஃபைப்ரினோஜனை புடிச்சு ஒன்னை ஒன்னு கோத்துக்கும். இந்த இன்டக்ரின் வேலை செய்யலன்னா தட்டணு எண்ணிக்கை சரியா இருந்தும் மூக்குலயும் ஈறுலயும் ரத்தம் நிக்காம வரும், 1918லயே கிளான்ஸ்மன்னு ஒரு டாக்டர் இதைப் பத்தி எழுதிட்டாரு. தோல், குடல் செல்லுங்களை பக்கத்து பக்கத்துல சேத்து வைக்கறது கேடெரின்னு வேற புரதம், அதுக்கு கால்சியம் வேணும். அதனாலதான் லேப்ல தட்டுல ஒட்டி வளர்ற செல்லுங்களை பிரிச்செடுக்க கால்சியத்தை உறிஞ்சற மருந்தும் சேத்து ஊத்தறாங்க.

கேள்வி: இன்டக்ரினை வேணும்னே தடுக்கற ஊசி இருக்காமே, அது ஆபத்தில்லையா?

பதில்: இருக்கு. மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ்ல வெள்ளை அணு மூளைக்குள்ள புகுந்து நரம்பைக் கடிக்குது, நடாலிசுமாப்ங்கற ஊசி அந்த அணு மேல இருக்கற இன்டக்ரினோட ஆல்ஃபா-4 துண்டை மூடி வாசல்லயே நிறுத்திருது. ஆனா காவல்காரனையும் சேத்து நிறுத்தினா நிறைய பேர் உடம்புல சத்தமில்லாம தூங்கிட்டிருக்கற ஜேசிங்கற வைரஸ் முழிச்சுக்கும், மூளையில சிலருக்கு பெரிய பாதிப்பு வந்து, 2004ல அனுமதி வாங்கின மருந்தை 2005ல வாபஸ் வாங்கினாங்க, 2006ல கட்டுப்பாடுகளோட திரும்ப வந்துச்சு. இப்ப ஊசி போடறதுக்கு முன்னாடியும், போட்டுட்டிருக்கும்போது அப்பப்பவும் ஜேசி வைரஸ் ஆன்டிபாடி டெஸ்ட் எடுக்கறது அதுக்காகத்தான், அதை மட்டும் தள்ளிப் போடாதீங்க.