பதிமூன்று கண் பாலம் (கடிதம்)

ஐயா,

போன மாதம் குற்றாலத்துக்குப் போனவர்கள் அப்படியே ஆரியங்காவு தாண்டிக் கேரளத்துக் கழுதுருட்டி வரைக்கும் போனோம். ரோட்டோரத்திலேயே நிற்கிறது, பதிமூன்று கல் வளைவுகளோடு, அந்தப் பதிமூன்று கண் ரயில் பாலம். நான் அண்ணாந்து பார்த்தபடி நின்றுவிட்டேன். கூட வந்த நண்பர் கட்டட காண்ட்ராக்டர். "இந்தக் கல்லைக் கட்டிக்கொண்டு அழுததற்கு இடித்துவிட்டு கான்கிரீட்டில் போட்டிருக்கலாம்" என்றார். பழசு என்பதைத் தவிர அதற்கு என்ன மதிப்பு?

ம., திருமங்கலம்

அன்புள்ள ம.,

பழசு என்பது ஒரு மதிப்பே இல்லை, என் வீட்டு கிரைண்டரும் பழசுதான். உங்கள் திருமங்கலத்திலிருந்து கொல்லம் போகிற அந்த நெடுஞ்சாலையில் நின்று நீங்கள் பார்த்தது இன்னும் வேலைக்குப் போய்க்கொண்டிருக்கிற பாலம். 1904இல் மீட்டர் கேஜ் ரயிலுக்காகத் திறந்த பாதை அது. 2010இல் நிறுத்தி, அகலப்பாதையாக்கி 2018இல் மறுபடி விட்டபோதும் பாலத்தை இடிக்கவில்லை, பலப்படுத்தி அதன்மேலேயே தண்டவாளம் போட்டார்கள்.

நண்பரிடம் அவர் தொழில் பாஷையிலேயே பேசுங்கள். கல்லை இழுத்தால் விரிசல் விடும், அமுக்கினால் பெரும் பாரத்தையும் தாங்கும். வளைவாக அடுக்கிவிட்டால் மேலே வருகிற பாரம் ஒவ்வொரு கல்லையும் பக்கத்துக் கல்லோடு நெருக்கிக்கொண்டே போய்த் தூணில் இறங்கிவிடும், உள்ளே கம்பியே வேண்டாம். கம்பி இல்லையென்றால் துருவும் இல்லை. கான்கிரீட் பாலம் பெரும்பாலும் கெடுவது அந்தத் துருவால்தானே?

அதற்காகச் சாகாவரம் வாங்கி வந்ததென்று சொல்ல மாட்டேன். கல் பாலத்துக்கு எமன் தண்ணீரும் வேரும். இடுக்கில் காக்கை போட்ட அரச விதை முளைத்தால் பத்து வருசத்தில் கல்லையே தள்ளிவிடும். சுண்ணாம்புச் சாந்து உதிர்ந்த இடத்தில் சிமெண்டைப் பூசினால் ஈரம் வெளியே வர வழியில்லாமல் உள்ளேயே ஊறும். ஆற்றுப் பாலமென்றால் மணல் அள்ளுவதும் சேர்ந்துகொள்ளும், அஸ்திவாரம் அம்மணமாகிவிடும்.

இதற்குக் கழுதுருட்டி வரைக்கும் போக வேண்டியதில்லை. மதுரையில் வைகைமேல் நிற்கிற ஏ.வி. (ஆல்பர்ட் விக்டர்) பாலம் 1889இல் திறந்தது, அதுவும் கல் வளைவுதான், ரயிலுக்குப் பதில் டவுன் பஸ். போன வாரம் கோரிப்பாளையம் பக்கமிருந்து நடந்தபோது ஒரு கண்ணின் நெற்றியில் முழங்கை உயரத்துக்கு அரசங்கன்று பார்த்தேன். நண்பரை அடுத்த முறை அங்கே கூட்டிவாருங்கள், அவரிடம் நீள ஏணி இருக்குமல்லவா.