பதிவைக் கெடுத்தது யார்?

கேள்வி: அப்பா சொல்லும் பழைய மெட்ராஸ் கதைகளை என் பிள்ளைகளுக்காகப் போனில் பதிவு செய்கிறேன். வருஷங்களை மாற்றிச் சொல்கிறார். மூர் மார்க்கெட் 1983-ல் எரிந்தது என்றார். உடனே அம்மா சமையலறையிலிருந்து, "இல்லை, அப்போ இவன் கைக்குழந்தை" என்று குரல் கொடுத்துப் பதிவைக் கெடுத்துவிட்டார். நான் பிறந்தது 1984 டிசம்பர். தெளிவாகப் பதிவு செய்வது எப்படி?
– வாசகர், மேற்கு மாம்பலம்

பதில்: மூர் மார்க்கெட் எரிந்தது 1985 மே மாதம். உங்களுக்கு அப்போது ஐந்து மாதம். சரியாகச் சொன்ன ஒரே ஆளைப் போய், பதிவைக் கெடுத்தார் என்கிறீர்களே! எனக்கு வரும் இந்த மாதிரிக் கடிதங்களில் எல்லாம் அப்பா நாற்காலியில் உட்கார்ந்து பேசுகிறார், அம்மா அடுப்படியில் நிற்கிறார். பெற்றவளை உட்காரவைத்துக் கேட்பதும் பிள்ளையின் கடமைதான்.

அப்பா சஃபையர் தியேட்டரையும் மீட்டர்கேஜ் ரயிலையும் சொல்வார், சொல்லட்டும். 2004-ல் வீராணம் தண்ணீர் வருவதற்கு முன் லாரிக்கு எத்தனை மணிக்குக் குடம் போட்டார்கள், எத்தனை குடத்தில் சமையலும் குளியலும் முடிந்தன, அடிபம்பில் யாரோடு சண்டை என்பதெல்லாம் அம்மாவுக்குத்தான் தெரியும்.

"அந்தக் காலம் எப்படி இருந்தது?" என்று கேட்காதீர்கள். "என்னத்தைச் சொல்ல" என்று எழுந்துவிடுவார். முதல் கேஸ் சிலிண்டர் எந்த வீட்டில் இருந்தபோது வந்தது, யார் கல்யாணத்துக்குக் கொத்தவால் சாவடியில் காய் வாங்கினார்கள் என்று கேளுங்கள். அந்தச் சந்தை 1996-ல் கோயம்பேட்டுக்குப் போனது, கல்யாணம் அதற்கு முந்தியது என்று தெரிந்துவிடும். வருஷமே கேட்க வேண்டாம். யார் வயிற்றில், யார் எந்த வகுப்பில் என்று கேட்டால் போதும்.

முதலில் இருவரையும் தனித்தனியாகப் பதிவு செய்யுங்கள், பிறகு சேர்த்து. போனை ஏரோபிளேன் மோடில் போட்டு, மின்விசிறியை நிறுத்தி, மடித்த துண்டின் மேல் ஒரு முழ தூரத்தில் வையுங்கள். வெறும் மேஜையில் வைத்தால் டம்ளர் வைக்கும் சத்தம்கூட இடியாக விழும். தேதி, இடம், பேசுபவர் பெயரைச் சொல்லித் தொடங்குங்கள். நாற்பது நிமிஷம் போதும். அவர் பேச்சை நிறுத்தினால் உடனே அடுத்த கேள்விக்குத் தாவாதீர்கள், நல்ல விஷயம் அதற்குப் பிறகுதான் வரும்.

ஆல்பத்தில் ஒட்டிக்கொண்ட படங்களைப் பிய்க்காதீர்கள், மேல்தோல் உரிந்துவிடும். ஜன்னல் வெளிச்சத்தில், ஃபிளாஷ் இல்லாமல் அப்படியே எடுங்கள். வாட்ஸ்அப்பில் டாக்குமெண்டாக அனுப்பினால்தான் படம் தரம் குறையாது. எல்லாவற்றுக்கும் ஒரு பிரதி வேறு வீட்டில் இருக்கட்டும்.

வரும் ஞாயிறு மத்தியானச் சமையலை நீங்கள் செய்யுங்கள். அம்மாவைக் கூடத்தில் உட்காரவைத்து, கேள்விகளைப் பேரப்பிள்ளைகளிடம் கொடுங்கள். குக்கர் விசில் அடங்கிய பிறகு பதிவைத் தொடங்குங்கள்.